உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை

இரவு எட்டரை மணித் தொடரில், வீட்டின் மூத்த மருமகள் இளையவளிடம் ஓர் உண்மையைச் சொல்லும் கட்டம். மூன்று வாரங்களாகக் கதை அந்த உண்மைக்காகத்தான் காத்துக் கிடந்தது. மூத்தவள் வாயைத் திறந்தாள். உடனே வயலின்கள் கிளம்பின. அவற்றின் அடியிலிருந்து முரசு ஒன்று எழுந்தது. எங்கிருந்தோ ஒரு பெண்குரல் ஆகாரத்தில் அழத் தொடங்கியது. மூத்தவளின் உதடுகள் அசைந்து ஓய்ந்தன. இளையவளின் முகம் மூன்று கோணங்களில் மூன்று முறை அதிர்ந்தது. அம்மா எங்கள் பக்கம் திரும்பி, “என்ன சொன்னா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லம்மா” என்றோம். அந்த நாட்களில் அதுதான் எங்கள் வழக்கமான பதில்.

அம்மாவுக்கு வயது 78. கும்பகோணத்தை அடுத்த ஒரு பள்ளியில் 33 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர். கடைசி வரிசையில் உதட்டுக்குள் முணுமுணுப்பவனின் சொல்லைக்கூடக் கரும்பலகையைப் பார்த்தபடியே பிடித்துவிடுவார் என்று அவருடைய பழைய மாணவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அப்பா 2016இல் காலமான பின், மாலை ஆறு மணிக்கு மேல் அவருக்குத் துணை தொலைக்காட்சிதான். சிற்றிதழ் வாசகர்களாகிய எங்களுக்கு நெடுந்தொடர் என்றாலே ஓர் இளக்காரம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. கூடத்தில் அது ஓடும்போது நாங்கள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ‘நல்ல’ புத்தகங்களைப் படித்துக்கொண்டிருப்போம். ஆனால் அம்மா தொடர் பார்த்தது கதைக்காக மட்டும் அல்ல. எதிர்வீட்டு அக்கா காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு எங்கள் திண்ணைக்கு வருவார். “டீச்சர், நேத்து பாத்தீங்களா?” என்று தொடங்கினால், தொடரில் ஆரம்பித்து, ஊரிலுள்ள மாமியார் மருமகள் விவகாரங்கள் அனைத்தையும் சுற்றி, காய்கறி விலையில் வந்து முடியும். முந்தைய இரவின் அத்தியாயம்தான் அந்தப் பேச்சுக்கு முதலீடு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ரிமோட்டில் ஒலியின் எண் 18இல் இருந்தது. பிறகு 26 ஆயிற்று. பிறகு 40. மாடியில் குடியிருந்தவர்கள் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நாங்கள் எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். அம்மா மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “சத்தம் கேக்குதுடா. பேச்சுதான் கேக்கல.” தமிழாசிரியை ஒருவர் சொற்களை அளந்து சொல்லும்போது அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற புத்தி எங்களுக்கு வரவில்லை. சத்தத்தைக் கூட்டினால் பேச்சும் கூடும் என்று எண்ணினோம். பேச்சு ஒரு பங்கு கூடியபோது இசையும் ஒரு பங்கு கூடியது. இரண்டுக்கும் இடையிலான விகிதம் அப்படியேதான் இருந்தது. குழம்பில் உப்பு கரிக்கிறது என்பதற்காக இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றுவதைப் போன்ற வைத்தியம் அது.

காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கண்ணாடி அறைக்குள் அமரவைத்துச் சோதித்தார்கள். படிக்கட்டு போலத் தொடங்கி வலப்பக்கம் சரிவாக இறங்கும் ஒரு வரைபடத்தைக் காட்டி, கேள்திறன் வல்லுநரான இளம்பெண் பொறுமையாக விளக்கினார். முதுமையில் செவி எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் போகின்றன. தாழ்ந்த ஒலிகள் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. பேச்சில் உயிரொலிகளுக்கு வலிமை அதிகம், அவை தாழ்ந்த பகுதியில் இருக்கின்றன. க, ச, ட, த, ப போன்ற மெய்யொலிகள் நொடியின் சிறு பகுதிக்குள் தோன்றி மறைபவை, வலிமை குறைந்தவை. அவற்றை இன்னதென்று அடையாளம் காட்டும் நுண்கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த பகுதியில் இருக்கின்றன. எனவே ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், ஆணா பெண்ணா என்பது தெரியும், கோபமா அழுகையா என்பதும் தெரியும். சொல் எது என்பதுதான் தெரியாது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ உயிர் இருக்கு, மெய்தான் போச்சுன்னு சொல்லுங்க” என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவில் அம்மா கத்தி, சட்டி, பத்தி, தட்டி என்று விரல்விட்டு அடுக்கிக்கொண்டே வந்தார். நான்கிலும் உயிர் ஒன்றே: முதலில் அகரம், பிறகு இகரம். மெய்யை எடுத்துவிட்டால் நான்கும் ஒன்றுதான். “மாமியார் கையில எடுத்தது சட்டியா கத்தியான்னு தெரியாம நான் ஒரு வாரமா முழிச்சிக்கிட்டிருக்கேன்” என்றார்.

கேட்கும் கருவி வாங்கினோம். நல்ல கருவிதான். கூடத்தில் ஒருவர் எதிரே அமர்ந்து பேசினால் அம்மா தெளிவாகப் பதில் சொன்னார். கோயில் மணி, குக்கர் விசில், பல ஆண்டுகளாகக் கேட்காதிருந்த சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் எல்லாம் திரும்பி வந்தன. அன்று இரவு ஆவலோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார். பத்து நிமிடத்தில் இரண்டு கருவிகளையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். “பாத்திரக் கடைக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இருக்கு” என்றார். இப்போதைய கருவிகளில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறது. மின்விசிறி, பேருந்து எஞ்சின் போன்று ஒரே சீராக வரும் ஓசையை அது நன்றாக அடையாளம் கண்டு அமுக்கும். ஆனால் இசை ஏறி இறங்கி, நின்று தொடர்ந்து, ஏறக்குறையப் பேச்சைப் போலவே நடந்துகொள்கிறது. அதைப் பேச்சிலிருந்து பிரிப்பது கருவிக்கு எளிதல்ல. இரண்டையும் சேர்த்தே பெருக்கிக் காதுக்குள் விடுகிறது.

அதன் பிறகு நடந்ததுதான் எங்களை உண்மையில் அச்சுறுத்தியது. அம்மா தொடர் பார்ப்பதை விட்டுவிட்டார். காலையில் எதிர்வீட்டு அக்காவின் குரல் வாசலில் கேட்டதும் குளியலறைக்குப் போகத் தொடங்கினார். “டீச்சர் இன்னும் குளிக்கிறாங்களா?” என்று கேட்டுக் கேட்டு அந்த அக்காவும் வருவதைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் மாலை எங்களில் இளையவளிடம் அம்மா மெதுவாகக் கேட்டாராம்: “எனக்குப் புத்தி மழுங்கிட்டு வருதோடி? ஆளுங்க பேசறது கேக்குது, ஆனா மனசுல ஏற மாட்டேங்குது. உங்க பெரிய அத்தைக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது.” பெரிய அத்தை கடைசி நான்கு ஆண்டுகள் பிள்ளைகளின் பெயர்களையே மறந்து வாழ்ந்தவர். அந்த அச்சத்தை அம்மா எத்தனை மாதங்களாகச் சுமந்துகொண்டிருந்தாரோ, கேட்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களில் மூத்தவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தொடரின் ஒரு காட்சியைக் கைப்பேசியில் ஓடவிட்டு, அண்ணன், தங்கை, தங்கையின் கணவர் ஆகிய மூவரும் ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பாராமல், வசனங்களைக் கேட்டபடியே எழுதுவது. மூவருமே ஐம்பதைத் தொடாதவர்கள். பின்னோக்கி ஓட்டிக் கேட்கக்கூடாது என்பது விதி. நான்கு நிமிடக் காட்சி. முடிவில் மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். அமைதியாகத் தொடங்கிய முதல் நிமிடம் மூன்றிலும் ஒன்றாக இருந்தது. இசை ஏறிய பிறகு கோடுகளும் கேள்விக்குறிகளும்தான். மூத்த மருமகள் சொன்ன முக்கியமான வரியை ஒருவர் “அவர் உன் அண்ணன்” என்றும், இன்னொருவர் “அவன்தான் உன் கண்ணன்” என்றும் எழுதியிருந்தார். மூன்றாவது தாளில் ஒன்றுமே இல்லை. மூன்று தாள்களையும் அம்மாவின் கையில் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேர்வுத்தாள் திருத்துவதைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். பிறகு சிவப்புப் பேனா கேட்டார். மூவருக்கும் பத்துக்கு நான்கு, மூன்று, இரண்டு என்று மதிப்பெண் போட்டார். அன்றைக்குப் பல நாள் கழித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அம்மா கேட்டபோதெல்லாம் “ஒண்ணுமில்லம்மா” என்று சொன்ன எங்களுக்கும், பாதி நேரம் அந்த வசனங்கள் கேட்டிருக்கவில்லை. நாங்கள் கவனித்திருக்கவும் இல்லை. முகபாவத்தையும் கதைப்போக்கையும் வைத்து ஊகித்துக்கொண்டு, கேட்டதாக நம்பியிருந்தோம். அம்மாவால் அப்படி ஊகிக்க முடியவில்லை என்றில்லை. ஒரு வாக்கியத்தைக் கேளாமலே கேட்டதாக வைத்துக்கொள்ள அவருடைய தொழில் அவரை அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். கூட்டத்துக்கு நடுவே ஒருவர் பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும் மனிதத் திறனை இங்கிலாந்தைச் சேர்ந்த காலின் செர்ரி 1953இல் ஆராய்ந்தார். அதற்கு இரண்டு காதுகளும், ஒலிகள் வெவ்வேறு திசைகளிலிருந்து வருவதும் பெரிதும் உதவுகின்றன. கல்யாணப் பந்தியில் நாதஸ்வரம் ஒரு மூலையிலும் பக்கத்து இலைக்காரர் இன்னொரு பக்கமும் இருப்பதால்தான் “ரசம் கேளுங்க” என்பது நமக்கு விழுகிறது. தொலைக்காட்சியில் மருமகளும் வயலினும் முரசும் ஒரே பெட்டியின் ஒரே துளையிலிருந்து வருகிறார்கள். திசை என்ற துப்பு அங்கே இல்லை. போதாததற்கு, வயலினின் மிகத் தாழ்ந்த சுரம் பெண்ணின் பேச்சுக்குரல் நிற்கும் இடத்திலேயே, ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸில், தொடங்குகிறது. அங்கிருந்து மேலே மெய்யொலிகள் வாழும் பகுதி முழுவதும் அதன் மேற்சுரங்கள் பரவுகின்றன. அத்துடன் அந்த ஆகாரப் பெண்குரல். பேச்சை மறைக்க இன்னொரு மனிதக் குரலைவிடப் பொருத்தமான திரை வேறு இல்லை. சொற்களை அழிக்க வேண்டும் என்றே திட்டமிட்டு இசையமைத்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

உண்மையில் நம் மரபில் அப்படித் திட்டமிட்ட ஓர் இசை இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் ‘கெட்டிமேளம்’ என்று கைகாட்டினால் தவில்கள் உச்சத்தில் முழங்கும். அந்த முகூர்த்தத்தில் யாருடைய தும்மலோ, அபசகுனமான சொல்லோ காதில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லை மூழ்கடிப்பதே அதன் பணி. ஆனால் அது ஒரு நிமிடம், வாழ்வில் ஒரு முறை. மற்ற நேரத்தில் நம்முடைய கலைஞர்கள் சொல்லுக்கு வழிவிடத் தெரிந்தவர்கள். தஞ்சை மண்ணில் வளர்ந்த ஹரிகதையில் பாகவதர் பாட்டை முடித்துக் கதைக்குள் இறங்கும்போது சிப்ளாக் கட்டை நின்றுவிடும், மிருதங்கக்காரர் கைகளை வாத்தியத்தின் மேல் அமைதியாக வைத்துக்கொள்வார். தெற்கே வில்லுப்பாட்டிலும் புலவர் வசனம் பேசும்போது வில்லும் உடுக்கையும் ஓய்ந்து, ‘ஆமா’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் துணைவரும்.

அம்மாவின் தலைமுறை வானொலியில் வளர்ந்தது. திருச்சி நிலையமும், டெல்டாவில் அதைவிடத் தெளிவாகச் சில வேளைகளில் எடுத்த இலங்கை வானொலியும் அவருடைய இளமையின் அரங்குகள். ‘ஒலிச்சித்திரம்’ என்று திரைப்படங்களின் ஒலியை மட்டும் சுருக்கி ஒலிபரப்புவார்கள். கண்ணுக்கு ஒன்றுமில்லாமல் ஒரு முழுப்படத்தையும் மக்கள் ‘பார்த்தார்கள்’. ‘பராசக்தி’ (1952), ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘திருவிளையாடல்’ (1965) ஆகியவற்றின் வசனங்கள் திருவிழா ஒலிபெருக்கிகளில் பாடல்களைப் போல முழங்கின. ‘விதி’ (1984) வந்தபோது, பாடல் நாடாவைவிட அதன் நீதிமன்றக் காட்சியின் வசன நாடாதான் டீக்கடைகளில் ஓயாமல் ஓடியது. நாங்கள் அப்போது சிறுபிள்ளைகள். படம் பார்ப்பதற்கு முன்பே அந்த வழக்கின் வாதப் பிரதிவாதம் எங்களுக்கு மனப்பாடம். கூம்பு ஒலிபெருக்கி என்பது ஒலித்தரத்தில் மிகக் கீழான சாதனம். அதில்கூட ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. அந்த நாட்களின் பின்னணி இசை உயர்ந்த ரசனை கொண்டது என்று சொல்ல வரவில்லை. அதிலும் அதிர்ச்சிக்கு இடியும் சோகத்துக்கு ஷெனாயும் உண்டு. ஆனால் நடிகர் வாயைத் திறந்தால் அவை ஒதுங்கி நின்றன.

இன்னொரு எல்லையிலும் உதாரணம் இருக்கிறது. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து இசை எடுத்தாளப்பட்டது. எழும்பும் வீட்டைத் தனியாகப் பார்க்க வரும் அந்த முதியவரின் காட்சியில் ஏறக்குறைய யாருமே பேசுவதில்லை. பேச்சில்லாத அந்த வெளிதான் இசைக்கு உரிய நிலம். இசையின் மீது எங்களுக்குக் கோபம் இல்லை என்பதைச் சொல்லவே இது.

பிறகு ஏன் இப்படி ஆயிற்று? சென்னையில் ஒலிக்கலவைக் கூடம் ஒன்றில் பணியாற்றும் நண்பரிடம் கேட்டோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பேசினார். அவர் சொன்னவற்றில் இரண்டு செய்திகள் எங்களுக்குப் புதியவை. முதலாவது: கலவை செய்பவர் அந்த வசனத்தைப் படத்தொகுப்பிலும் டப்பிங்கிலும் மிக்சிங்கிலுமாகப் பத்துப் பதினைந்து தடவை கேட்டுவிடுகிறார். அவருக்கு அது மனப்பாடம். மனப்பாடமான வாக்கியத்தின் மேல் எவ்வளவு இசையை ஏற்றினாலும் அது அவருக்குக் கேட்டுக்கொண்டேயிருக்கும், மூளை நிரப்பிக்கொள்ளும். முதன்முதலாகக் கேட்பவர் ஒருவர்கூட அந்த அறைக்குள் இருப்பதில்லை. இரண்டாவது: தினத்தொடர்களுக்கு ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக ரீ-ரெக்கார்டிங் செய்ய நேரம் கிடையாது. சோகம், சதி, அதிர்ச்சி, பாசம் என்று முன்பே பதிவு செய்து வைத்த துண்டுகளை எடுத்து ஒட்டுகிறார்கள். வசனத்தைக் கேட்டு எழுதப்பட்ட இசை, வாக்கியம் முடியும் இடத்துக்காகக் காத்திருக்கும். முன்பே எழுதி வைத்த இசைக்கு அந்த வாக்கியத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

“ஆனா சத்தமா வெக்கச் சொல்றதுக்கும் ஒரு காரணம் இருக்குங்க” என்றார் அவர். தொடர் பார்ப்பவர்களில் பாதிப் பேர் திரையைப் பார்ப்பதில்லை, அடுப்படியில் இருக்கிறார்கள். தாளித்துக்கொண்டிருப்பவரைக் கூடத்துக்கு இழுத்துவர அந்த ‘டம்’ வேண்டியிருக்கிறது. கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால், அடுப்படியில் இருப்பவருக்குத்தான் வசனம் இன்னும் அதிகமாகத் தேவை. அவருக்கு முகபாவமும் கிடையாதே. ஓடி வந்து பார்க்கும்போது அதிர்ந்த முகம் ஒன்றுதான் திரையில் மிச்சமிருக்கும்.

நண்பரின் கூடத்தில் நல்ல ஒலிபெருக்கிகள் காது மட்டத்தில், கேட்பவரை நோக்கி நிற்கின்றன. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி இரண்டு விரற்கடை கனம்தான். அதன் ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கி அமைந்திருக்கின்றன, சுவரிலும் மேசையிலும் மோதித்தான் குரல் நம்மிடம் வருகிறது. பழைய பெட்டித் தொலைக்காட்சியில் ஒலிபெருக்கி பெரும்பாலும் முன்பக்கமாக, நம்மைப் பார்த்தே பேசியது. திரையரங்கில் வசனத்துக்கென்றே திரைக்குப் பின்னால் நடுவில் தனி ஒலிபெருக்கி உண்டு. அந்தப் படத்தை வீட்டில் இரண்டு ஒலிபெருக்கிகளில் பார்க்கும்போது நடுக்குரல் இரு பக்கமும் பங்கிடப்பட்டு இசையோடு கலந்துவிடுகிறது. படத்தை மெலிதாக்கிய தொழில்நுட்பம் குரலையும் மெலிதாக்கிவிட்டது.

இது நம்மவர்களின் குறை மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. 2011 மார்ச்சில் பிபிசியில் இயற்பியலாளர் பிரையன் காக்ஸ் தொகுத்து வழங்கிய ‘வொண்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ்’ தொடரின் முதல் அத்தியாயத்தில் இசை அவருடைய பேச்சை மறைக்கிறது என்று பார்வையாளர்கள் புகார் செய்தார்கள். பிபிசி மீதி அத்தியாயங்களில் இசையைக் குறைத்தது. காக்ஸுக்கு அதில் உடன்பாடில்லை. இது வகுப்பறைச் சொற்பொழிவு அல்ல, திரையனுபவம் என்பது அவர் கட்சி. பிரபஞ்சத்தின் பிரம்மாண்டத்துக்கு இசை வேண்டும் என்ற அவருடைய வாதத்தை எங்களால் முற்றாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆனாலும் பிரபஞ்சத்தைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்கத்தானே மக்கள் அமர்ந்தார்கள். 2014 ஏப்ரலில் ‘ஜமைக்கா இன்’ என்ற மூன்று பகுதி நாடகத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. அங்கே முதன்மைக் குற்றவாளி இசை அல்ல, நடிகர்களின் முணுமுணுப்பு. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். எல்லாப் பழியையும் வயலின்மீது போடுவது சுலபம். வாயைத் திறக்காமல் பேசுவதை இயல்பான நடிப்பு என்று எண்ணும் வழக்கம் நம் திரைப்படங்களிலும் வேரூன்றிவிட்டது.

சட்டங்கள் இருக்கின்றனவா என்று தேடினோம். விளம்பரங்கள் நிகழ்ச்சியைவிட உரத்து ஒலிக்கக்கூடாது என்று அமெரிக்காவில் 2010இல் ஒரு சட்டம் இயற்றி 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நம்முடைய கேபிள் தொலைக்காட்சி விதிகள் (1994) விளம்பரத்தின் ஒலி மிகையாக இருக்கக்கூடாது என்கின்றன. இவை எல்லாம் மொத்த ஒலியின் அளவைப் பற்றியவை. அந்த மொத்தத்துக்குள் பேச்சு எத்தனை பங்கு, இசை எத்தனை பங்கு என்று இவை கேட்பதில்லை. மொத்த எடை சரியாக இருந்தால் போதும், அரிசியில் கல் எவ்வளவு என்பது கணக்கில் இல்லை.

எங்களால் ஆனவற்றைச் செய்து பார்த்தோம். தொலைக்காட்சியின் அமைப்புகளுக்குள் புகுந்து தாழ்சுரங்களைக் குறைத்து, குரலைத் தூக்கிக் காட்டும் தெரிவை இட்டோம். செய்தி வாசிப்புக்குப் பயன்பட்டது. சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், காதுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தோம். இதுதான் இருப்பதிலேயே பலன் தந்தது, மாடிவீட்டாருக்கும் நிம்மதி. வசனத்தை எழுத்தில் படிக்கலாமே என்று இணையத் திரைத்தளங்களைத் துழாவினோம். அம்மா பார்க்க விரும்பிய தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு ஆங்கில வசனவரிகள் இருந்தன, தமிழில் இல்லை. 33 ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர், தமிழ்ப் படத்தின் தமிழ் வசனத்தை ஆங்கிலத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “இவன் ‘ஏண்டி’ங்கறான், அங்க ‘வொய் டியர்’னு போட்டிருக்கான். இது வேற கதை” என்று அணைத்துவிட்டார். செவித்திறன் குறைந்தோருக்காகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் எழுத்து வசனமும் சைகைமொழியும் தருவதற்கான தரநிலைகளை 2019 செப்டம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்டது. அம்மாவின் எட்டரை மணித் தொடரில் அதன் நிழலைக்கூட நாங்கள் இன்னும் காணவில்லை.

அந்தச் சிவப்பு மையிட்ட தாள்கள் செய்த நன்மையை வேறெதுவும் செய்யவில்லை. அடுத்த நாள் காலை அம்மா அவற்றை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். எதிர்வீட்டு அக்காவை அவரே கூப்பிட்டார். “இந்தாம்மா, என் பிள்ளைங்க லட்சணத்தைப் பாரு” என்று காட்டினார். அந்த அக்கா படித்துப் பார்த்துவிட்டு, சற்றுத் தயங்கி, “எனக்கும் பாதி புரியறதில்ல டீச்சர். நீங்க சொல்றதைக் கேட்டுத்தான் கதையே தெரிஞ்சுக்குவேன். அதுக்குத்தானே காலையில வர்றதே” என்றார். அவருக்கு வயது 54. காதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது இரவு எட்டரைக்கு அந்த அக்கா எங்கள் கூடத்துக்கே வந்துவிடுகிறார். முதல் சில நிமிடங்கள், பேச்சு தெளிவாக இருக்கும்வரை, இருவரும் கேட்கிறார்கள். வயலின் கிளம்பியதும் அம்மா ரிமோட்டை எடுத்து ஒலியை அடியோடு நிறுத்திவிடுகிறார். வீடு சட்டென்று அமைதியாகிறது. சுவர்க்கடிகாரம் கேட்கிறது. திரையில் மாமியார் விரலை நீட்டி ஏதோ சொல்கிறாள், மருமகள் கண்ணீரைத் துடைக்கிறாள். அம்மா இரண்டு குரலிலும் பேசுகிறார். மாமியாருக்குக் கொஞ்சம் கட்டைக் குரல், தஞ்சாவூர்ப் பக்கத்து இழுவை. மருமகளுக்கு அவர் தரும் பதில்கள், தொடரை எழுதுகிறவர் கேட்டால் பொறாமைப்படக்கூடியவை. வில்லி ஒருத்திக்கு ஒருநாள் சுத்தமான வெண்பா நடையில் சாபம் கொடுத்தார். அந்த அக்கா சிரித்துச் சிரித்துக் கண்களைத் துடைத்துக்கொள்கிறார்.

நாங்கள் உள்ளறைக் கதவைச் சாத்துவதில்லை. நேற்று இரவு எங்களையும் கூடத்துக்கு அழைத்தார். திரையில் மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்றா? சொல்லுங்க பாப்போம். ‘ஒண்ணுமில்ல’ன்னு மட்டும் சொல்லக்கூடாது.”